லைன் வீட்டு சப்மீட்டர்: எல்லா சுவிட்சும் ஆஃப், லைட் மட்டும் மினுக்குது

ஓவர்லாக்:
திருப்பூர், அனுப்பர்பாளையம் பக்கம். 10க்கு 10 ரூம் எட்டு, எட்டுக்கும் சேர்த்து ஒரே கனெக்ஷன். ரூமுக்கு ஒரு சப்மீட்டர், யூனிட் 10 ரூபாய். ஒடிசாப் பசங்க அஞ்சு பேர் இருக்கற ரூம்ல ஃபேன், சார்ஜர் எல்லாம் புடுங்கியாச்சு. இருட்டுல மீட்டர் சிவப்பு லைட் மட்டும் மினுக் மினுக்னு அடிக்குது. பின்னாடி தண்ணி மோட்டர் நின்னதும் அதுவும் நின்னுருச்சு. ஒரு எச்.பி. மோட்டர் மணிக்கு சுமார் ஒரு யூனிட் இழுக்கும். தினம் ஒரு மணி நேரம்னா ரெண்டு மாசத்துக்கு 60 யூனிட், 600 ரூபா. எட்டு ரூம் தண்ணிக்கு ஒரே ரூம் காசு.

பவர் டேபிள்:
அவசரப்படாதீங்க. மோட்டர் லைனோட நியூட்ரலை (கரண்ட் திரும்பற ஒயர்) இந்த ரூம் நியூட்ரலோட முறுக்கி விட்டிருந்தாலும் இப்படி ஓடும். சில மீட்டர் ஃபேஸ் (கரண்ட் வர்ற ஒயர்), நியூட்ரல் ரெண்டுல எதுல கரண்ட் அதிகமோ அதைத்தான் கணக்கு எடுக்கும். அப்ப மீட்டர்ல இ.எல். (எர்த் லீக்கேஜ், கரண்ட் கசிவு) லைட் எரியும். எலக்ட்ரீஷியனை விட்டு, மெயினை அணைச்சுட்டு மீட்டர் அவுட்புட் ஃபேஸைக் கழட்டி டேப் சுத்தச் சொல்லுங்க. மறுபடி மெயினைப் போட்டா மோட்டர் ஓடுதா? ஓடினா நியூட்ரல் கோளாறு. ஓடலைன்னா மோட்டரே இந்த மீட்டர்லதான்.

மீட்டரே வேகமா ஓடுதான்னும் பாத்துருங்க. முகப்புல 3200னு இருந்தா யூனிட்டுக்கு 3200 மினுக்கு. 60 வாட் குண்டு பல்பு மட்டும் போட்டா 5 நிமிஷத்துல 16. ஒண்ணு ரெண்டு முன்னப்பின்ன வரலாம், 25 வரக்கூடாது.

காதர்பேட்டை:
ஒயரை விடுங்க, 10 ரூபாயே அநியாயம். 2016ல வந்த 100 யூனிட் இலவசம் கனெக்ஷனுக்குத்தான், குடும்பத்துக்கில்ல. பங்களால ரெண்டு பேருக்கு முழு 100. இங்க எட்டு ரூமுக்குப் பங்கு போட்டா பன்னண்டரை. அதையும் ஓனர் கழிக்கறதில்ல.

பவர் டேபிள்:
எட்டு ரூம் யூனிட்டும் ஒரே பில்லுல சேர்ந்தா மேல் ஸ்லாபுக்கு, யூனிட் ரேட் கூடின படிக்கு, ஏறுதுங்களே, அதை யாரு கட்டறது? ரூமுக்கு ஒரு கனெக்ஷன் வாங்கறதுதான் வழி. டெபாசிட்டுக்குப் பயந்துட்டு ஓனருங்க வாங்கறதில்ல.

கைமடி:
அந்த ரூம்ல ஃபேன் ராத்திரி பூரா ஓடறதே மேல சிமெண்ட் ஷீட் கொதிக்கறதாலதான். 100 சதுர அடிக்கு 5 கிலோ சுண்ணாம்பை ராத்திரியே ஊறவைங்க. காலைல துணில வடிகட்டி, கால் கிலோ ஃபெவிகால் கலந்து ரெண்டு கோட் அடிங்க. மொதக் கோட் காஞ்சாத்தான் ரெண்டாவது. பழைய ஷீட்டைக் காய்ஞ்சபடி கம்பி பிரஷ் போட்டுத் தேய்க்காதீங்க, ஆஸ்பெஸ்டாஸ் தூசி நெஞ்சுக்குள்ள போயிரும். நனைச்சுட்டு விளக்கமாத்துல தள்ளுங்க. வெறும் ஷீட்டு மேல கால் வெச்சா உள்ள விழ வேண்டியதுதான். போல்ட் வரிசை மேல பலகை போட்டு நில்லுங்க. மழைல கரைஞ்சுரும், வருசா வருசம் பங்குனில அடிக்கணும். தகர ஷீட்ல இது நிக்காது.

ஓவர்லாக்:
சுண்ணாம்பு யாருங்ணா கேட்டா? ஃபேஸைக் கழட்டியாச்சு, மோட்டர் ஓடல. இ.எல். லைட்டும் எரியல. ரூம் போர்டுக்கு முன்னாடியே ஜாயின்ட் அடிச்சு, பாத்ரூம் செவுத்து வழியா மோட்டருக்கு ஒயர் போயிருக்கு.