இறக்கத்துல போட்ட வேகத்தடை: உங்க தெருவுல என்ன நடந்துச்சு?

குன்னூர் அக்கா:
மூணு மாசமாச்சு, அந்த போனெட் இன்னும் கண்ணை விட்டுப் போகல. பெட்போர்டு பக்கம் எங்க தெரு எப்படின்னு தெரியும்ல, எதிரெதிரே ரெண்டு கார் வந்தா ஒண்ணு ரிவர்ஸ் எடுக்கணும். மெயின் ரோடு அடைச்சா மேப்பைப் பார்த்து டூரிஸ்ட் வண்டியெல்லாம் உள்ள திரும்பிடும். அன்னிக்கு சாயங்காலம் நல்ல மிஸ்ட். தங்கச்சி பொண்ணு, ஏழு வயசு, பால் பாக்கெட்டோட வந்துட்டிருந்தா. மேலேயிருந்து ஒரு கார் நியூட்ரல்ல, சத்தமே இல்லாம இறங்குச்சு. பிரேக் அடிச்சு நின்னப்போ அவ ரெண்டு கையையும் போனெட் மேல ஊனிட்டு நிக்கிறா. ஒரு கீறல் இல்ல. ஈரம் படிஞ்ச கறுப்பு போனெட்ல பத்து விரலும் பதிஞ்சிருந்துச்சு. வண்டி ஓட்டினவர் இறங்கி அதையே பார்த்துட்டு நின்னார், பேச்சே வரல. இப்போ அங்க வேகத்தடை போட்டாச்சு. எனக்கு நிம்மதி.

கோத்தகிரி பைக்:
அக்கா, என்னால அப்படிச் சொல்ல முடியல. சீசன்ல ஒருவழி விட்டா இறங்குற வண்டி எங்க பக்கம்தான் வருது, அதனால தடை வேணும்னு கேட்டதுல நானும் ஒருத்தன். ராத்திரியோட ராத்திரியா தாரைக் கொட்டி மேடு கட்டிட்டுப் போயிட்டாங்க. பெயின்ட் இல்ல, போர்டு இல்ல. காலையில அஞ்சரைக்கு மனைவியை பஸ் ஏத்திவிடப் போனேன். தூக்கிப் போட்டுச்சு. வண்டியைப் பிடிச்சு நிறுத்திட்டுத் திரும்பினா பின்சீட்ல ஆள் இல்ல. ரோட்டுல உட்கார்ந்து மணிக்கட்டைப் பிடிச்சுக்கிட்டு, "டிபன் பாக்ஸ் எங்கே?"ன்னு கேட்குறா. எலும்பு முறிஞ்சது ஆஸ்பத்திரி போன பிறகுதான் தெரியும்.

டாக்சி 22 வருஷம்:
தம்பி, மனைவிக்குக் கை சரியாச்சா? ஆனா தடையே வேண்டாம்னு போயிடாதீங்க. அதுக்கு அளவு இருக்கு. ரோடுக்கு அளவு, விதிமுறை வகுக்குற அமைப்பு இந்தியச் சாலைக் காங்கிரஸ், அது 1988-லயே ஐஆர்சி 99-ங்கிற வழிகாட்டியில எழுதி வெச்சிருக்கு: வண்டி போற திசையில அகலம் 3.7 மீட்டர், நடு உயரம் 10 செ.மீ. 25 கி.மீ. வேகத்துல வர்ற வண்டி அலுங்காம ஏறி இறங்கணும். கறுப்பு வெள்ளைப் பட்டை அடிக்கணும், முன்கூட்டியே எச்சரிக்கைப் பலகை வைக்கணும். நம்ம ஊர்ல போடுறது ஒரு முழ அகலத்துல குத்துக்கல் மாதிரி. அரவங்காடு பக்கம் அப்படி ஒண்ணுல என் வண்டி சம்ப், அதான் இன்ஜினுக்கு அடியில இருக்குற ஆயில் தொட்டி, உடைஞ்சு ஆயில் மொத்தமும் ரோட்டுல போச்சு.
மலையில இன்னும் ரெண்டு விஷயம் பார்க்கணும். வண்டி வேகம் பிடிச்ச பிறகு நடு இறக்கத்துல போட்டா பிரயோஜனமில்ல, இறக்கம் ஆரம்பிக்கிற இடத்துலயே போடணும். வளைவு திரும்பின உடனே போடவே கூடாது. ரெண்டு ஓரமும் தண்ணி போக வழி விடணும், இல்லேன்னா ஐப்பசி மழைத் தண்ணி மேட்டுல முட்டி யார் வீட்டுக்குள்ளயாவது திரும்பிடும். வேகம் ரெண்டு மடங்கானா பிரேக் பிடிச்சு நிக்கிற தூரம் நாலு மடங்கு, இறக்கத்துல அதுக்கும் மேல. ஏறுன கியர்லயே இறங்கணும். நியூட்ரல்ல விடுறவனுக்கு இன்ஜினோட பிடிப்பே கிடைக்காது, பிரேக் சூடேறி ஒரு கட்டத்துல பிடிக்காமயே போயிடும். வீட்டுல வண்டி எடுக்குற பிள்ளைங்களுக்குச் சொல்லிக் கொடுங்க.

ஓய்வுபெற்ற ஆசிரியை:
அளவு சரியாக இருந்தாலும் வலி வலிதான், ஐயா. இடுப்பு எலும்பு முறிந்த அம்மாவை ஆம்புலன்ஸில் கீழே கொண்டு போனோம். ஒவ்வொரு மேட்டிலும் என் கையை இறுக்கிப் பிடித்தார். பதினொரு முறை. ஓட்டிய பையன் நத்தை போலத்தான் ஓட்டினான், அவனைக் குறை சொல்ல முடியாது. மேட்டுக்குப் பதிலாகச் சாலையின் இருபுறமும் கல் வைத்துக் குறுக்கலாமே? வழி குறுகினால் கால் தானாக பிரேக்குக்குப் போகும், படுத்திருப்பவருக்கும் குலுங்காது.

டாக்சி 22 வருஷம்:
குறுக்கினா மினி பஸ் எப்படித் திரும்பும் டீச்சர்? ஒரு தடவை வந்து வளைவைப் பாருங்க.

குன்னூர் அக்கா:
இப்பதான் டேப் எடுத்துட்டுப் போய் அளந்தேன். அகலம் 1 மீட்டர் 10. உயரம் 14 செ.மீ. பெயின்ட் பாதி மழையில போயிருச்சு. பாப்பாதான் டேப்போட அந்த முனையைப் பிடிச்சா. டீச்சர், மனு எழுதித் தர்றீங்களா? தெருவுல எல்லார்கிட்டயும் நான் கையெழுத்து வாங்கிடறேன்.