தரங்கம்பாடியில் புதிர் ஜியோகேச்: நடந்தால்தான் விடை கிடைக்கணும், என்ன செய்யலாம்?

பொறையார்க்காரன்:
எங்க பக்கம் வருகிறவர்கள் டேன்ஸ்போர்க் கோட்டை முன்னால் ஒரு செல்ஃபி எடுத்துக்கொண்டு, கடற்கரையில் சுண்டல் வாங்கித் தின்றுவிட்டு பஸ் ஏறிவிடுகிறார்கள். அவர்களை கிங்ஸ் தெரு முழுக்க நடக்கவைக்க ஒரு மிஸ்டரி கேச் தயார் செய்கிறேன். ஜியோகேச் என்றால் ஜிபிஎஸ் வைத்துத் தேடிக் கண்டுபிடிக்கும் ஒளித்துவைத்த பெட்டி; மிஸ்டரி கேச்சில் புதிரை விடுவித்தால்தான் அதன் இடம் தெரியும். ஜியோகேச்சிங் தளத்தில் கோட்டை வாசலைக் காட்டுவேன். பெட்டி அங்கே இருக்காது. உண்மையான இடம் வ 11° 01.கசட, கி 079° 51.தபற. வ வடக்கு, கி கிழக்கு; மற்ற வல்லின எழுத்து ஆறும் ஆறு இலக்கங்கள்.

க, ச, ட மூன்றும் கோட்டை எழுந்த 1620, ஊர் வாயிலின் 1792, டேனியர் ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுப் போன 1845 ஆகியவற்றிலிருந்து. த, ப, ற மூன்றும் சீயோன் ஆலயம் (1701), மிஷனரி சீகன்பால்கு வந்திறங்கியது (1706), புதிய எருசலேம் ஆலயம் (1718). கடைசி ஆண்டை மட்டும் துப்பில் ௲௭௱௰௮ என்று பழைய முறையில் எழுதியிருக்கிறேன். என் அக்கா மகன் பார்த்துவிட்டு "ஃபாண்ட் உடைஞ்சிருக்கு மாமா" என்கிறான்!

சிக்கல் என்னவென்றால், இதை எல்லாம் சென்னையில் உட்கார்ந்தே கூகுளில் தேடிவிடலாம். என்ன செய்ய?

திசைகாட்டி:
ஆண்டுகளைக் கேட்காதீங்க. பாதி இலக்கத்தையாவது கண்ணால் பார்த்தால்தான் தெரியும்படி வையுங்க. ஆனால் ஜன்னல், பெஞ்ச், விளக்குக்கம்பம் எண்ணச் சொல்லக் கூடாது. அடுத்த பெயின்ட் அடிப்பில் புதிரே செத்துவிடும். கல்லில் இருப்பதுதான் நிற்கும். எருசலேம் ஆலய முகப்பில் டென்மார்க்கின் நான்காம் பிரெடரிக் மன்னரின் முத்திரை இருக்கிறதே, அதை வைத்து ஒரு கேள்வி. பழைய கல்லறைக் கற்களில் இருந்து இன்னொன்று.

அலைவாய்க்கரை:
எந்த விடை எந்த எழுத்துக்கு என்பதையும் கவனிங்கண்ணே. ற ஒன்று தப்பினால் இரண்டு மீட்டர்கூட நகராது. த ஒன்று தப்பினால் 180 மீட்டருக்கு மேல். உங்க ஊரில் அது நேரே வங்கக்கடல். ஆகவே க, த இரண்டுக்கும் சந்தேகமே வராத விடைகளைக் கொடுங்க. ஆறு இலக்கங்களின் கூட்டுத்தொகையைத் துப்பாகத் தரலாம், ஆனால் இலக்கங்கள் இடம் மாறினால் அது காட்டிக்கொடுக்காது. விடை சரிபார்க்கும் வசதி தளத்திலேயே இருக்கிறது, அதையும் போட்டுவிடுங்க.

கடுகுடப்பா:
பெட்டி எங்கே? கோட்டைச் சுவர் இடுக்கு வேண்டவே வேண்டாம். தேடுகிற அவசரத்தில் செங்கல்லைப் பெயர்த்துவிடுவார்கள். மாசிலாமணிநாதர் கோயில் பக்கமும் வேண்டாம், கடல் அரித்தது போதும். மண்ணில் புதைப்பது விதிப்படியே கூடாது. கோட்டை வாசலிலிருந்து 3.2 கிலோமீட்டருக்குள் எங்கும் வைக்கலாம், வேறு கேச் பெட்டியிலிருந்து 161 மீட்டர் தள்ளி இருந்தால் சரி. கண்டுபிடித்தவர் கையெழுத்துப் போடும் தாளுக்குப் பென்சில் வையுங்க. ஐப்பசி மழையில் பேனா மை கரைந்து ஓடிவிடும்.

பொறையார்க்காரன்:
நன்றி எல்லாருக்கும். ஆலயமும் கல்லறைக் கல்லும் சேர்த்தாச்சு, 1845 போயாச்சு. பெட்டிக்கு ஒரு டீக்கடை அக்கா இடம் தருகிறார். ஒரே நிபந்தனை: தேடி வருகிறவர் ஒரு டீயாவது குடிக்கணுமாம்.

கடுகுடப்பா:
ஐயோ, டீ கட்டாயம் என்றால் அது வியாபார கேச்! கேச்சைப் பார்த்து அனுமதிக்கும் தளத்து ரிவ்யூவர் அன்றைக்கே திருப்பி அனுப்பிவிடுவார். அக்காவிடம் பேசிப் பாருங்க. வெயிலில் அவ்வளவு தூரம் நடந்து வருகிறவன் சொல்லாமலே குடிப்பான்.