ரிப்ரெஷன்: அடக்கமா, ஒடுக்கமா, ஒதுக்கமா?

மடல் 1 – மொழிபெயர்ப்பாளர்

அன்பர்களே, வணக்கம்.

சமூகக் கோட்பாட்டுக் கட்டுரைகளின் தமிழாக்கம் முடியும் தறுவாயில் இருக்கிறது. சொற்பட்டியல் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகவேண்டும். 'ரிப்ரெஷன்' (repression) என்ற ஆங்கிலச் சொல்லுக்கு மட்டும் தமிழ் முடிவாகாமல் நிற்கிறது. உளப்பகுப்பாய்வு கண்ட ஃபிராய்டிடம் அது நனவிலிக்குள், அதாவது நமக்கே தெரியாத மனப்பகுதிக்குள், தள்ளப்படுவது. அரசியலில் கைது, தடை, தணிக்கை. உயிரணுவில் மரபணு வெளிப்படாமல் நிறுத்தப்படுவது. தனித்தனி நூல்களானால் தனித்தனிச் சொல் போதும். மெய்யியலாளர் மார்க்கூசா அப்படி விடமாட்டார். 1955இல் வந்த 'எராசும் நாகரிகமும்' நூலில், நனவோடு செய்வது, நனவின்றி நிகழ்வது, வெளியிலிருந்து வருவது, உள்ளிருந்து வருவது எல்லாவற்றுக்கும் இந்த ஒரே சொல்லை ஆள்கிறார். அவருடைய 'சர்ப்ளஸ் ரிப்ரெஷன்' (கூடிவாழத் தேவையானதற்கு மேல், ஆதிக்கத்துக்காகச் சுமத்தப்படும் கட்டுப்பாடு) இந்தப் பொதுமையில்தான் நிற்கிறது. துறைக்கொரு சொல் போட்டால் வாதம் அறுந்துவிடும். மூன்றுக்கும் 'ஒடுக்கம்' என்று வைக்கலாமா?

மடல் 2 – உயிரியல் கற்பிப்பவர்

ஐயா, ஒடுக்கம் வேண்டவே வேண்டாம். அந்த நாற்காலியில் ஏற்கெனவே மூன்று பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். மெண்டல் பாடத்தில் ஓங்குபண்பு, ஒடுங்குபண்பு. வேதியியலில் ஆக்சிஜனேற்றம், ஒடுக்கம். அங்கே எலக்ட்ரானை ஏற்பதுதான் ஒடுக்கம். இலங்கைப் பாடநூல்களில் மியாசிஸுக்கு, அதாவது குரோமோசோம் எண்ணிக்கை பாதியாகும் உயிரணுப் பிரிவுக்கு, ஒடுக்கற்பிரிவு. 'ஒடுக்கப்பட்ட புரதம்' என்று எழுதினால் மாணவர் எலக்ட்ரான் கணக்குப் போடுவார். அவர் படித்தது சரி, எழுதியவர்தான் தவறு.

எங்களுக்குத் தேவை ஒரு சொல் அல்ல, ஒரு சொற்குடும்பம். ஜாக்கோபும் மோனோவும் 1961இல் விளக்கிய லாக் ஓப்பெரானை, லாக்டோசைப் பயன்படுத்த உதவும் மரபணுத் தொகுதியை, பாருங்கள். ஈ. கோலை பாக்டீரியாவில் நான்கு துணை அலகுகள் கொண்ட ஒரு புரதம், உயிரணுவுக்கு ஏறத்தாழ 10 மூலக்கூறுகளே இருக்கும். அது டி.என்.ஏ.வின் இயக்கிப் பகுதியில் அமர்ந்துகொண்டால் மரபணுவை ஆர்.என்.ஏ.வாகப் படியெடுத்தல் ஏறக்குறைய நின்றுபோகும். லாக்டோசிலிருந்து வரும் அல்லோலாக்டோசு பிணைந்ததும் புரதத்தின் வடிவம் மாறி, பிடி தளர்ந்து விலகும். டிரிப்டோஃபான் ஓப்பெரானில் நிலைமை தலைகீழ்: டிரிப்டோஃபான் என்ற அமினோ அமிலம் வந்து பிணைந்தால்தான் அங்குள்ள தடுக்கும் புரதத்துக்குப் பிடிப்பே வரும். ஆகவே தடுக்கும் புரதம் அடக்கி, அதற்குப் பிடிப்புத் தருவது இணையடக்கி, தடை விலகுவது அடக்கநீக்கம், இப்படித் தடுக்கக்கூடியது அடக்கத்தகு ஓப்பெரான் என்று கிளை விடவேண்டும். 'அடக்கு' தாங்குகிறது.

ஒரு எச்சரிக்கை. 'சப்ரெசர்' சடுதிமாற்றத்துக்கும் அடக்கி என்று போட்டுவிடாதீர்கள். அது முதல் மாற்றத்தின் கேட்டை இன்னொரு மாற்றம் ஈடுகட்டுவது. எதையும் அமர்ந்து தடுப்பதல்ல. 'ஈடுசெய் மாற்றம்' எனலாம்.

மடல் 3 – இலக்கணம் அறிந்தவர்

அடங்கு–அடக்கு, ஒடுங்கு–ஒடுக்கு: மெல்லினம் தன்வினை, வல்லினம் பிறவினை. ஆனால் '-அம்' சேர்ந்தால் இரண்டும் 'அடக்கம்' ஆகிவிடும். அடங்கியதா, அடக்கியதா, யார் சொல்வது? பணிவும் அடக்கம், பிணம் புதைப்பதும் அடக்கம். பிறவினை தெளிவாக வேண்டுமானால் 'அடக்கல்' என்க. 'ஆமைபோல் ஐந்தடக்கல் ஆற்றின்' என்று குறளிலேயே ஆட்சி உண்டு.

ஆனாலும் ஒடுக்கத்தைக் கைவிட மனம் வரவில்லை. 'ஊக்க முடையான் ஒடுக்கம் பொருதகர் தாக்கற்குப் பேருந் தகைத்து' (486). பாய்வதற்காகப் பின்வாங்கும் ஆட்டுக்கடா! உள்ளே தள்ளப்பட்டது திரும்பி வரும் என்று ஃபிராய்டு சொல்லும் மீள்வரவு இதைவிடத் தெளிவாக எங்கே இருக்கிறது? சைவ சித்தாந்த நூலான சிவஞானபோதத்தின் முதற்சூத்திரமும் 'தோற்றிய திதியே ஒடுங்கி மலத்துளதாம்' என்கிறது. ஒடுங்கியது அழிவதில்லை, மீண்டும் தோன்றும். சிவனின் ஐந்தொழிலில் மறைத்தலை (திரோதானம்) அழித்தலிலிருந்து பிரித்து வைத்ததும் இந்த நுட்பத்தால்தான். திரோதானத்தைப் பற்றித் தனி மடல் எழுதுகிறேன்.

மடல் 4 – உளவியலர்

ஐயா, ஐந்தடக்கல் அறிந்து செய்வது. அது 'சப்ரெஷன்'. எங்கள் துறையின் முதற்கோடே அங்கேதான் விழுகிறது. கடாவும் தெரிந்தேதான் பின்வாங்குகிறது.

மூலத்தைப் பாருங்கள். ஃபிராய்டின் சொல் 'ஃபெர்ட்ரேங்குங்': நெருக்கித் தள்ளி இடம்விட்டு அகற்றுதல். கப்பல் நீரை விலக்குவதற்கும் ஜெர்மானியர் அதே சொல்லைத்தான் சொல்கிறார்கள். அரசு மக்களை அடக்குவதற்கு அவர்கள் சொல்வது 'உன்டர்ட்ரூக்குங்'. பிரெஞ்சிலும் உளவியலுக்கு 'ரெஃபூல்மான்', அரசியலுக்கு வேறு. இரண்டையும் ஒரே சொல்லில் போட்டது ஆங்கிலம். அந்தக் கலப்பைத் தமிழ் ஏன் சுமக்கவேண்டும்?

1909இல் கிளார்க் பல்கலைக்கழக உரையில் ஃபிராய்டே ஓர் உவமை சொன்னார். அரங்கில் ஒருவன் கூச்சலிடுகிறான். சிலர் அவனைப் பிடித்து வெளியே தள்ளுகிறார்கள். பிறகு நாற்காலிகளைக் கதவோடு சேர்த்துப் போட்டு உட்கார்ந்துகொள்கிறார்கள். அவனோ வெளியே நின்று கதவைத் தட்டிக்கொண்டே இருக்கிறான். வெளியேற்றியதோடு வேலை முடியவில்லை, கதவைப் பிடித்துக்கொண்டே இருக்கவேண்டும். 1915 கட்டுரையிலும் நனவிலிருந்து விலக்குவது, தொலைவில் வைத்திருப்பது என்றுதான் வரையறுக்கிறார். இங்கே அமுக்கவே இல்லை, ஒதுக்குகிறார்கள். ஆகவே 'நனவொதுக்கம்'.

அமுக்கம், அழுத்தம் இரண்டும் ஆகாது. ஒன்று இலங்கையில் வானிலைக்கும் குருதிக்கும் போய்விட்டது, மற்றது மன அழுத்தமாகிவிட்டது. 'ஆழ்மனம்' என்றும் எழுதவேண்டாம், 'நனவிலி' என்க. 'அடிநனவு' போன்ற சொல்லை ஃபிராய்டே ஏற்கவில்லை.

மடல் 5 – அரசியல் படிப்பவர்

அரசியலில் விவாதமே தேவையில்லை. அடக்குமுறை ஊரறிந்த சொல். அதை ஒடுக்குமுறையோடு குழப்பாமல் இருந்தால் போதும். ஒடுக்குமுறை சாதி, பாலினம், வர்க்கம் என்று அமைப்பிலேயே ஊறிக் கிடப்பது. அடக்குமுறை எதிர்த்தவர்மீது பாயும் செயல். தடியடி அடக்குமுறை. தலைமுறையாக வாசலுக்கு வெளியே நிறுத்துவது ஒடுக்குமுறை. பிரெஞ்சு மார்க்சியர் அல்துசேர் காவல், படை போன்றவற்றைச் சொல்லும் அரசு எந்திரமும் 'அடக்குமுறை எந்திரம்'தான்.

மடல் 6 – பாடநூல் திருத்துநர்

நனவொதுக்கத்தைக் கேட்பவர் ஒதுக்கீட்டைத்தான் நினைப்பார். விளங்காத தூய சொல்லைவிட விளங்கும் கடன்சொல் மேல். 'ரிப்ரெசர் புரதம்' என்று எழுதினால் குடி முழுகாது.

மடல் 7 – உயிரியல் கற்பிப்பவர்

குடி முழுகாது, கிளைதான் விடாது. ரிப்ரெசர், கோரிப்ரெசர், டீரிப்ரெஷன்: மாணவர் மூன்றையும் தனித்தனியாக நெட்டுருப் போடவேண்டும். அடக்கி, இணையடக்கி, அடக்கநீக்கம் என்றால் ஒன்று தெரிந்தால் மூன்றும் தெரியும்.

இன்னொன்று. குளுக்கோசு இருக்கையில் லாக் மரபணுக்கள் மந்தமாவதைக் 'கேட்டபொலைட் ரிப்ரெஷன்' என்கிறோம். ஆனால் அதன் செவ்வியல் விளக்கத்தில் ஊக்கும் புரதம் வந்து சேராமல் போகிறது, அவ்வளவே. தடுக்கும் புரதம் ஏதும் அமர்வதில்லை. மூலச் சொல்லே பிசகு. அங்கே 'குளுக்கோசு முன்னுரிமை' என்று போட்டால் அடக்கியை அடைப்புக்குறிக்குள்கூடக் கொண்டுவரத் தேவையில்லை.

மடல் 8 – மொழிபெயர்ப்பாளர்

நேரமில்லை, ஆகவே பெரும்பான்மைப்படி: உயிரியலுக்கு அடக்கம், அடக்கி. அரசியலுக்கு அடக்குமுறை. மார்க்கூசாவுக்கு அடக்கம், மிகையடக்கம். உளவியலுக்கு 'நனவிலி அடக்கம்'. வேர் ஒன்றாக இருப்பதால் மார்க்கூசாவின் வாதமும் பிழைக்கும். நனவொதுக்கத்துக்கு இருவர், நனவிலி அடக்கத்துக்கு நால்வர்.

மடல் 9 – உளவியலர்

பட்டியல் போகட்டும், என் மறுப்பும் உடன் போகட்டும். 'கோபத்தை அடக்கிக்கொண்டேன்' என்பவருக்குத் தன் கோபம் தெரியும். ஃபிராய்டு பேசுவது, கோபமே இல்லை என்று மனமாரச் சொல்பவரைப் பற்றி. 'நனவிலி' என்ற அடைமொழி தலைப்பில் இருக்கும்; இரண்டாம் பத்தியிலேயே உதிர்ந்து வெறும் 'அடக்கம்' நிற்கும். வாசகர் அங்கே முதலாமவரைத்தான் காண்பார். மார்க்கூசாவின் வாதம் பிழைக்கலாம், ஃபிராய்டினுடையது பிழைக்காது. நனவொதுக்கத்தை மாற்றுச்சொல்லாக ஒரு வரியிலாவது சேருங்கள்.