புதுப்பிப்பு: டாக்பேக்கில் வசனம் வசனமாகக் கேட்க வழி கிடைத்தது

போன வாரம் ஒரு உதவி கேட்டிருந்தேன்: என் தமிழ் வேதாகமச் செயலியில் அதிகாரம் முழுவதையும் டாக்பேக் (ஆண்ட்ராய்டு போனில் திரையில் இருப்பதைப் பார்வையற்றோருக்கு வாசித்துச் சொல்லும் வசதி) ஒரே மூச்சில் வாசித்துவிடுகிறது, நடுவில் ஒரு வசனத்துக்குத் திரும்ப வழியில்லை என்று. வழி கிடைத்துவிட்டது!

மூன்று விரல்களால் கீழே தள்ளினால் வாசிப்பு முறை மாறும். ‘பத்திகள்’ என்று சொன்னதும் நிறுத்திவிட்டு, ஒரு விரலால் கீழே தள்ளினால் அடுத்த வசனம், மேலே தள்ளினால் முந்தைய வசனம். ஒவ்வொரு வசனமும் தனி வரியில் தொடங்கும் செயலியில்தான் இது சரியாக வரும். சங்கீதம் 119-ஐ எடுத்துப் பார்த்தேன். மொத்தம் 176 வசனங்கள். எட்டெட்டாக 22 பகுதிகள், பகுதிக்கு ஒரு எபிரெய எழுத்து. 105-ஆம் வசனத்தில் நின்று அதையே நாலு தடவை கேட்டேன். பார்வை போன பிறகு இப்படி ஒரு வசனத்தில் தங்கித் தியானித்தது இதுவே முதல் தடவை.

அப்புறம், அந்தச் செயலியில் பெயரில்லாமல் வெறும் ‘பட்டன்’ என்று டாக்பேக் வாசித்த இரண்டு பட்டன்களுக்கும் நானே பெயர் வைத்துவிட்டேன். மூன்று விரல்களால் ஒரு தட்டு தட்டினால் வரும் மெனுவில் லேபிள் சேர்க்கும் வசதி இருக்கிறது.

அடிக்குறிப்பு எழுத்துகள் மட்டும் இன்னும் வசனத்துக்கு நடுவே புகுந்து வருகின்றன. செயலிக்காரர்களுக்கு எழுதியிருக்கிறேன்; பதில் வந்ததும் சொல்கிறேன்.