வசம்பு சுட்டு கொழந்த வயித்துல தடவுறது ஓகே, நாக்குலயும் வெக்கணுமா?

முத்தியால்பேட்டை அம்மா:
பொண்ணு பொறந்து இன்னையோட 41 நாள். சாயங்காலம் ஆறு மணி ஆனா போதும், காலை வயித்தோட மடக்கிகினு மூஞ்சி செவக்க செவக்க அழுவுது, ரெண்டு மணி நேரம் ஓயாது. டாக்டர் பாத்துட்டாரு, எடை நல்லா ஏறுது, காஸ் தான், தானா சரியாவும்னு சொல்லிட்டாரு. மாமியார் பெரிய மார்க்கெட் பக்கம் போயி வசம்பு வாங்கினு வந்துட்டாங்க. பொழுது சாஞ்சா அத பேர் சொல்லி கூட கேக்கமாட்டாங்க, "அந்த பேர் சொல்லாதத எடு"ன்னு தான் சொல்லுவாங்க 😄 விளக்கெண்ணெய் விளக்குல கரிய சுட்டு, கல்லுல இழைச்சு, தொப்புள சுத்தி பூசுறாங்க, சரின்னு விட்டுட்டேன். நேத்து அதே விரல கொழந்த வாய்க்கு கொண்டு போனாங்க, நான் கைய புடிச்சிட்டேன், அதுலேர்ந்து வீட்ல ரெண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை இல்ல. நான் பண்ணது தப்பா?

கடலூர் ஓ.டி. ஆயா:
தப்புன்னு சொல்லல கண்ணு, ஆனா உங்க மாமியார் ஆசையா தான் செய்றாங்க. நான் மூணு புள்ளைக்கும் நாக்குல வெச்சிருக்கேன், பிள்ளை வளர்ப்பான்னு அதுக்கு பேரே இருக்கே. பூசும்போது கை சூடா இருக்கணும், தொப்புள சுத்தி கடிகாரம் சுத்துற பக்கமா மெதுவா தடவு, பால் குடிச்ச உடனே வேணாம். பாதி சுகம் அந்த கை சூட்டுல தான், அத மறந்துடாத.

நாட்டு மருந்து கடை பையன்:
அப்பா கடை திருப்பாதிரிப்புலியூர்ல, சின்ன வயசுலேர்ந்து இந்த வாசனையில தான் வளந்தேன். வாங்கும்போது ஒடச்சு பாருங்க, நல்ல வசம்புன்னா மேல வளையம் வளையமா தழும்பு இருக்கும், அடியில வேர் இருந்த புள்ளி புள்ளியா தெரியும், ஒடச்சா மூக்குல ஏறுற வாசன வரணும். ஐப்பசி கார்த்திகை மழையில நம்ம ஊரு காத்துக்கு டப்பாவுல இருக்குறதுக்கு கூட பூஞ்சை புடிச்சிடும், வெள்ள வெள்ளையா பூத்திருந்தா கொழந்த கிட்டயே கொண்டு போகாதீங்க, துடைச்சிட்டு சுட்டா போயிடும்னு நெனைக்காதீங்க. பொடியா வாங்காதீங்க, உள்ள என்ன கலந்திருக்கோ தெரியாது. அப்புறம் வசம்ப மணி மாதிரி கோத்து கைல கட்டுவாங்க பாருங்க, நாங்களே விக்கிறோம், ஆனா நூல் அறுந்து ஒரு துண்டு வாய்க்குள்ள போச்சுன்னா அவ்ளோ தான், அதனால யாராவது கேட்டா அப்பா இப்ப தர்றதில்ல.

வில்லியனூர் ஃபார்மசி:
கைய புடிச்சது ரொம்ப சரி. வசம்பு எண்ணெய்ல பீட்டா அசரோன்னு ஒண்ணு இருக்கு, நம்ம நாட்டு வசம்புல அது அதிகம், எலிக்கு கொடுத்து பாத்ததுல குடல்ல கட்டி வந்துச்சு, அமெரிக்காவுல 1968லயே சாப்பாட்டு பொருள்ல சேர்க்கக்கூடாதுன்னு தடை பண்ணிட்டாங்க. சுடும்போது எண்ணெய் கொஞ்சம் போகும், முழுசா போகாது. கொழந்தைக்கு உள்ள போனா வாந்தி நிக்காம வரும், அது தான் உடனே வர்ற பயம். ஆயா கோச்சிக்காதீங்க, மூணும் நல்லா வளந்துச்சுன்னா அது வசம்பால இல்ல, வசம்பையும் மீறி. ஆறு மாசம் வரைக்கும் தாய்ப்பால் மட்டும் தான்.

வெளிய பூசுறதுலயும் ஒரு விஷயம். தொப்புள் கொடி விழுந்து நல்லா காஞ்சிருக்கணும், அதுக்கு முன்னாடி கரி, எண்ணெய், பவுடர் எதுவும் தொப்புள்ல படக்கூடாது, சீழ் புடிக்கும். மொதல்ல கால்ல ஒரு பொட்டு வெச்சு ஒரு நாள் பாருங்க, செவந்தா விட்டுடுங்க. பூசுன இடத்த கொழந்த தொட்டு கைய சப்பும், அதனால கொஞ்ச நேரத்துல ஈரத்துணியால தொடச்சிடுங்க. இந்த அழுகை ஆறு வாரத்துல உச்சத்துல இருக்கும், மூணு நாலு மாசத்துல கொறையும். பச்சையா வாந்தி, மலத்துல ரத்தம், காய்ச்சல், பால் குடிக்காம இருக்கிறது, இதுல ஒண்ணு இருந்தா கல்லு கிட்ட போகாம நேரா ஆஸ்பத்திரி.

முத்தியால்பேட்டை அம்மா:
எல்லாத்தையும் மாமியார் கிட்ட வாசிச்சு காட்டினேன், "எலிக்கு கொடுத்தானுங்களா"ன்னு ஒரு தடவ கேட்டாங்க, அவ்ளோ தான். இன்னைக்கு இழைச்சத தொப்புள சுத்தி தான் பூசினாங்க, முடிச்சதும் அவங்களே போயி சோப்பு போட்டு கைய கழுவினாங்க. வசம்பு வளையம் மட்டும் இன்னும் தொட்டில் கம்பில தொங்குது, அத எப்ப எடுக்குறதுன்னு தான் யோசிக்கிறேன்.

கடலூர் ஓ.டி. ஆயா:
ராத்திரி அவங்க தூங்கும்போது எடுத்துடு கண்ணு 😄