பிடிடி (பேச அழுத்தற பட்டன்) அழுத்தினா ஹாம் ரேடியோ செட் (ரிக்) ஆஃப் ஆகுது, எந்த பேட்டரி வாங்கலாம்? (அவசரம்)

கொங்கு_போர்ட்டபிள்:
வணக்கம் நண்பர்களே. சனிக்கிழமை கொல்லிமலை போறோம், உட்கார்ற இடத்துல கரண்ட் கிடையாது. பேட்டரி ஃபுல் சார்ஜ், ரிசீவ் அருமையா இருக்கு. பிடிடி அழுத்திப் பேச ஆரம்பிச்சதும் ரிக் ஆஃப் ஆகி மறுபடி ஆன் ஆகுது. பேட்டரி புதுசு. வேற எது வாங்கினா சரியாகும்? சீக்கிரம் சொல்லுங்க.

வயர்மேன்_சேலம்:
எந்த ரிக்? எத்தனை வாட்? பேட்டரி எத்தனை ஏஹெச் (ஆம்பியர்-மணி, அதாவது கொள்ளளவு), ஈயமா லித்தியமா?

ஈயமே_துணை:
கார்லதானே போறீங்க? கார் பேட்டரியிலேயே மாட்டிடுங்க. வேற எதுவும் வாங்க வேண்டாம்.

மலைநடை:
கார் நிக்கற இடத்துல இருந்து நடக்கணுமான்னு முதல்ல கேளுங்க அண்ணா. 18 ஏஹெச் ஈய பேட்டரி அஞ்சரை கிலோ வரும். லித்தியம் பாஸ்பேட்ல 20 ஏஹெச் ரெண்டரை கிலோ சுமாருக்கு முடிஞ்சிடும்.

ஃபெரைட்_பித்தன்:
பேட்டரி மேல பழி போடாதீங்க. இது ஆர்எஃப் (ஆன்டெனா விடற ரேடியோ அலை) ரிக்குக்குள்ள வர்ற பிரச்சினை. ஆன்டெனா பக்கத்துலயே இருக்கும், கோஆக்ஸ்ல (ஆன்டெனா கேபிள்) ஃபெரைட் (அலையைத் தடுக்கற வளையம்) மாட்டுங்க, நின்னுடும்.

ஓம்விதி:
லைசென்ஸ் தேர்வுக்கு ஓம் விதி படிச்சுத்தானே எல்லாரும் பாஸ் பண்ணோம்? 100 வாட் ரிக் 20 ஆம்பியருக்கு மேல இழுக்கும். யுபிஎஸ் பேட்டரியை அதுல மாட்டிட்டு "ஆஃப் ஆகுது"ன்னு இங்க வந்து நிக்கறாங்க. கேள்வி கேட்கறதுக்கு முன்னாடி மல்டிமீட்டரைக் கையில எடுக்கற பழக்கம் வரணும்.

கொங்கு_போர்ட்டபிள்:
எஃப்டி-891, 100 வாட், எஸ்எஸ்பி (குரல்ல பேசற முறை), 40 மீட்டர் பேண்ட். பேட்டரி 12 வோல்ட் 7 ஏஹெச், யுபிஎஸ்ல வர்றதுதான். மீட்டர்ல 12.6 காட்டுது, அதனாலதான் பேட்டரி நல்லா இருக்குன்னு சொன்னேன். கார்ல இருந்து கொஞ்ச தூரம் நடக்கணும்.

வயர்மேன்_சேலம்:
12.6 சும்மா இருக்கும்போது காட்டறது தம்பி, லோடு ஏறும்போது எவ்வளவுன்னு பாருங்க. டம்மி லோடு (ஆன்டெனாவுக்குப் பதிலா மாட்டற, அலையை வெளிய விடாத ரெசிஸ்டர்) மாட்டி, பவரை 50 வாட்டுக்குக் குறைச்சு, எஃப்எம்ல வச்சு ரெண்டு மூணு செகண்ட் மட்டும் கேரியர் (பேச்சு இல்லாத வெறும் சிக்னல்) விடுங்க. பேட்டரி முனையில ஒரு ரீடிங், ரிக் பின்னாடி கனெக்டர்ல ஒரு ரீடிங். அதுக்கப்புறம் டம்மி லோடிலேயே 100 வாட் வச்சுப் பாருங்க. அப்பவும் ஆஃப் ஆச்சுன்னா ஆர்எஃப் இல்லைன்னு தெரிஞ்சிடும். பேட்டரில இருந்து ரிக் வரைக்கும் என்ன வயர், எத்தனை மீட்டர்?

கொங்கு_போர்ட்டபிள்:
பேட்டரி முனையில 11.9, ரிக் பக்கம் 10.4. 100 வாட்ல டம்மி லோடிலேயே ஆஃப் ஆயிடுச்சு. வயர் எலக்ட்ரிக் கடையில வாங்கின 1 ஸ்கொயர் (சதுர மி.மீ.), 3 மீட்டர். தொட்டா லேசா சூடு தெரியுது.

வயர்மேன்_சேலம்:
ஒன்றரை வோல்ட் வயரிலேயே போகுது. 50 வாட்டுக்கு ஏறக்குறைய 14 ஆம்பியர், அப்படின்னா 21 வாட் வயரைச் சூடாக்கவே செலவாகுது. 100 வாட்ல 20 ஆம்பியர் தாண்டினா வயர்ல மட்டும் ரெண்டு வோல்ட்டுக்கு மேல விழும். இந்த ரிக் 13.8-ல இருந்து 15 சதவீதம் வரை ஏற்ற இறக்கம் தாங்கும், அதாவது கீழே 11.7. நீங்க அதுக்கும் வெகு கீழே இறங்கறீங்க.

முதல்ல வயரை மாத்துங்க. 4 ஸ்கொயர், ஒன்றரை மீட்டர் போதும், 20 ஆம்பியர்லயும் 0.3 வோல்ட்டுக்குள்ளதான் இழப்பு. ஃபியூஸ் பேட்டரி பிளஸ் முனையை ஒட்டியே இருக்கணும். பைக்குள்ள வயர் நசுங்கி ஷார்ட் ஆனா பேட்டரிக்கு உள்ள இருக்கற காப்பை மட்டும் நம்பக்கூடாது.

பேட்டரி வாங்கறதா இருந்தா லித்தியம் பாஸ்பேட் 20 ஏஹெச். வேலை நேரத்துல பெரும்பாலும் 13 வோல்ட்டை ஒட்டியே நிக்கும், ரிக்குக்கு அதுதான் வேணும். ஸ்டிக்கர்ல 20 ஏஹெச்னு போட்டிருக்கறது மட்டும் போதாது. உள்ள இருக்கற பிஎம்எஸ் (பேட்டரியைக் காக்கற சர்க்யூட்) தொடர்ந்து எத்தனை ஆம்பியர் விடும்னு கடையில கேட்டே ஆகணும். 10 ஆம்பியர் பிஎம்எஸ் இருந்தா பிடிடி அழுத்தினதும் அது பட்டுனு கட் பண்ணும், இப்ப வர்ற அதே தொல்லை அப்பவும் வரும். 30 ஆம்பியர் இருக்கறதைப் பார்த்து வாங்குங்க.

லேப்டாப்_செல்:
பழைய லேப்டாப் 18650 (லித்தியம் அயான்) செல் மூணு மூணா சீரியல்ல போட்டா காசே ஆகாது.

வயர்மேன்_சேலம்:
மூணு செல் ஃபுல்லா இருக்கும்போதே 12.6. ஒரு செல் 3.9-க்கு வந்தாலே மொத்தம் 11.7, பாதி சார்ஜ் மிச்சம் இருக்கும்போதே ரிக் அடம்பிடிக்கும். நாலு செல் போட்டா 16.8, மேல் எல்லை 15.9-ஐத் தாண்டிடும். ரிக்கைப் பணயம் வைக்காதீங்க.

மலைநடை:
பவரையும் குறைங்க. 100-ல இருந்து 25 வாட்டுக்கு வந்தா எதிர்ப்பக்கம் 6 டெசிபல், அதாவது சிக்னல் மீட்டர்ல ஒரு படி (எஸ் யூனிட்)தான் குறையும். எஃப்டி8 (கம்ப்யூட்டர் வழியா அனுப்பற டிஜிட்டல் முறை) போட்டா அது கூட வேண்டாம், 5 வாட் போதும்.

ஓம்விதி:
எஃப்டி8 பேட்டரியைத் தின்னும். 15 செகண்ட் ஸ்லாட்ல 12.64 செகண்ட் முழு கேரியர். எஸ்எஸ்பில பேச்சு நடுவுல மூச்சு விடற நேரமாவது கரண்ட் இறங்கும். சிடபிள்யூ (மோர்ஸ்) கத்துக்கிட்டா எல்லாப் பிரச்சினையும் தீரும்.

மலைநடை:
5 வாட்டுக்கு எவ்வளவு தின்னுடப் போகுது சார்? இதுல பாதி நேரம் ரிசீவ்தானே.

ஈயமே_துணை:
கம்ப்யூட்டர் கம்ப்யூட்டரோட பேசறது ரேடியோவா? 2004 டிசம்பர்ல அந்தமானுக்கு டிஎக்ஸ்பெடிஷன் (அரிதான இடத்துல இருந்து ஹாம் ரேடியோ பேசற பயணம்) போன குழு, சுனாமி வந்ததும் அங்கிருந்தே தகவல் அனுப்பிக்கிட்டு இருந்தாங்க. யார் எங்க இருக்காங்கன்னு வீட்டுக்குச் சொல்றதுக்கு மனுஷக் குரல்தான் வேணும்.

மலைநடை:
அதை யாரும் மறுக்கலையே அண்ணா. அவசர காலத்துக்கு வாய்ஸ், மலைக்கு எது வசதியோ அது.

ஃபெரைட்_பித்தன்:
டம்மி லோடு சோதனை நியாயம்தான். ஆனா சோலார் பேனல் வச்சு சார்ஜ் போடறவங்க எல்லாரும் ஃபெரைட் மாட்டியே ஆகணும். கன்ட்ரோலர் ஸ்விட்சிங் சத்தத்துல 40 மீட்டரே கேட்காம போகும்.

கொங்கு_போர்ட்டபிள்:
4 ஸ்கொயர் ஒன்றரை மீட்டர் போட்டேன். 7 ஏஹெச்லயே 25 வாட்ல ஆஃப் ஆகல. 20 ஏஹெச் லித்தியம், 30 ஆம்பியர் பிஎம்எஸ் ஆர்டர் போட்டாச்சு. நன்றி. 73 (வாழ்த்துகள்).

வயர்மேன்_சேலம்:
நல்லது. சார்ஜருக்கு 14.4-ல இருந்து 14.6 வோல்ட் வர்ற லித்தியம் பாஸ்பேட் சார்ஜரே வாங்குங்க. ஈய பேட்டரி சார்ஜர்ல டீசல்ஃபேஷன் (ஈயத் தகட்டுப் படிவை நீக்கற) மோடு இருந்தா அதை இதுல மாட்டவே மாட்டாதீங்க.

புது_காதொலி:
மலைநடை அண்ணா, சத்தம் போடாத சோலார் கன்ட்ரோலர் ஏதாவது நீங்க பயன்படுத்தறீங்களா?