புதுப்பிப்பு: ரூசியோன் போய் வந்துவிட்டோம்

முட்டிவலி உள்ள அம்மாவைத் தெற்கு பிரான்சின் ரூசியோனுக்குக் கூட்டிப் போகலாமா என்று போன மாதம் கேட்டிருந்தேன். போய் வந்தோம். தாராளமாகப் போகலாம்.

லூபெரோன் பகுதியில் குன்றின் உச்சியில் இருக்கிறது ஊர். சுவரெல்லாம் மஞ்சள், ஆரஞ்சு, செங்காவி. அந்த ஊர்க் காவி மண்ணையே சுண்ணாம்பில் கலந்து பூசியிருக்கிறார்கள். மணலில் உள்ள இரும்பு ஆக்சைடுதான் நிறத்துக்குக் காரணம். மஞ்சள் காவியைச் சூளையில் சுட்டால் சிவப்பாகும். அந்தக் கால ஆலைகளில் சிவப்பை அப்படித்தான் எடுத்தார்களாம். இதைக் கேட்டதும் அம்மா, "நம்ம வாசல்ல கோலத்துக்குக் காவி இடுறதும் இதே மண்ணுதானேடி!" என்றார். அந்த முகத்தைப் பார்க்கவே இன்னொரு தடவை போவேன்.

காவிப் பாறைகளுக்குள் போகும் நடைபாதையில் இரண்டு சுற்றுகள். சிறியது 35 நிமிடம் என்கிறார்கள். படிகளில் நிதானமாக இறங்கியதால் எங்களுக்கு ஒரு மணி நேரம் ஆனது. பரவாயில்லை. வெள்ளை உடுப்பு மட்டும் வேண்டாம், கறை லேசில் போகாது. மழை நாளில் பாதையை மூடிவிடுவார்கள்.

இரண்டாம் உலகப் போரின்போது நாஜிகளிடமிருந்து தப்பி வந்த எழுத்தாளர் சாமுவேல் பெக்கெட் மறைந்து வாழ்ந்ததும் இந்த ஊரில்தான். சாயங்கால வெயிலில் சுவர்கள் கனன்றபோது அதை அம்மாவிடம் சொன்னேன். வெகுநேரம் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

"போங்க" என்று தைரியம் சொன்ன எல்லோருக்கும் நன்றி.